பயிற்சிப் பதிவேடு: கையெழுத்துக்குப் பின்னால் இருக்கும் உயிர்கள்

பட்டாசு ஆலை, இரசாயனத் தொழிற்சாலை, எரிவாயுக் கிடங்கு என எங்கு விபத்து நேர்ந்தாலும் விசாரணையில் தவறாமல் எழ வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அங்கே வேலை செய்தவர்களுக்கு ஆபத்தைக் குறித்துப் பயிற்சி அளிக்கப்பட்டதா? அளித்தோம் என்று நிர்வாகம் சொன்னால், பதிவேடு எங்கே என்பது அடுத்த கேள்வி.

இக்கேள்வி இன்று நம் நாட்டில் புதிய கவனத்தைப் பெற வேண்டியிருக்கிறது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்துக்குப் பதிலாக, தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணி நிலைமைகள் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. நிறுவனங்கள் பதிவேடுகளை மின்னணு முறையிலும் பராமரிக்க அது இடம் தருகிறது. காகிதக் கட்டுகள் குறைவது நல்லதே. ஆனால் பதிவேடு காகிதத்தில் இருந்தாலும் கணினியில் இருந்தாலும், அதில் எழுதப்பட்டிருப்பது உண்மைதானா என்பதே முக்கியம். அமெரிக்காவில் நடந்த ஒரு விபத்து இதை நமக்குத் தெளிவாக உணர்த்துகிறது.

1996 மே 11 அன்று மயாமி நகரிலிருந்து அட்லாண்டாவுக்குப் புறப்பட்ட வேல்யூஜெட் நிறுவனத்தின் 592-ஆம் எண் விமானம், சில நிமிடங்களிலேயே தீப்பிடித்து, ஃபுளோரிடா மாநிலத்தின் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் விழுந்தது. அதிலிருந்த 110 பேரும் இறந்தனர். சரக்கு அறையில் அட்டைப் பெட்டிகளில் வைக்கப்பட்டிருந்த ஆக்சிஜன் கருவிகளே தீக்குக் காரணம் என விசாரணையில் தெரியவந்தது. விமானத்தினுள் காற்றழுத்தம் குறையும்போது பயணிகளின் முகமூடிக்கு ஆக்சிஜன் தருபவை இவை. இயங்கத் தொடங்கினால் இரசாயன வினையால் கடுமையாகச் சூடேறும்.

சேப்ரெடெக் என்னும் பராமரிப்பு நிறுவனம், பயன்பாட்டுக் காலம் முடிந்த இக்கருவிகளை வேறு விமானங்களிலிருந்து கழற்றியிருந்தது. காலம்தான் முடிந்திருந்ததே தவிர, உள்ளே இருந்த இரசாயனம் தீர்ந்திருக்கவில்லை. எனவே ஒவ்வொன்றுக்கும் பாதுகாப்பு மூடி போட்டிருக்க வேண்டும். மூடிகள் கைவசம் இல்லை. ஆயினும், அந்த வேலை முடிந்ததாகப் பணி அட்டையில் கையெழுத்து போடப்பட்டது. அனுப்புச் சீட்டிலோ அவை 'காலி' என்று குறிக்கப்பட்டிருந்தது.

இங்கே ஆவணங்கள் இல்லாமல் இல்லை. அட்டை இருந்தது, சீட்டு இருந்தது, கையெழுத்தும் இருந்தது. உண்மை மட்டுமே இல்லை.

பின்னர் நடந்த வழக்கும் நம் சிந்தனைக்குரியது. 1999-இல் நடுவர் குழு, அந்த நிறுவனத்தின் ஊழியர் இருவரைக் குற்றமற்றவர்கள் என விடுவித்தது. நிறுவனத்தை ஒன்பது குற்றச்சாட்டுகளில் குற்றவாளி எனக் கண்டது. 2001-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவற்றுள் எட்டை நீக்கிவிட்டது. எஞ்சி நின்றது ஒன்றே ஒன்று: அபாயகரமான பொருள்களைக் கையாளும் ஊழியர்களுக்குப் பயிற்சி அளிக்கத் தவறிய குற்றம்.

அமெரிக்க விதிகள் இத்தகைய பயிற்சிக்குப் பதிவேட்டைக் கட்டாயமாக்குகின்றன. அபாயகரமான சரக்கை அனுப்பும் அல்லது ஏற்றிச்செல்லும் பணியில் சேர்பவர் 90 நாள்களுக்குள் பயிற்சி பெற வேண்டும். அதுவரை பயிற்சி பெற்ற ஒருவரின் நேரடி மேற்பார்வையில்தான் அவர் வேலை செய்யலாம். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை பயிற்சி திரும்பவும் அளிக்கப்பட வேண்டும். பதிவேட்டில் ஐந்து செய்திகள் இருக்க வேண்டும்: ஊழியரின் பெயர், கடைசியாகப் பயிற்சி முடித்த நாள், பயிற்சியில் பயன்படுத்திய பாடங்களின் விவரம், பயிற்சி அளித்தவரின் பெயரும் முகவரியும், ஊழியர் பயிற்சி பெற்றுத் தேர்வும் செய்யப்பட்டார் என்னும் சான்று. அவர் பணியில் இருக்கும்வரையும், விலகிய பின் 90 நாள்கள்வரையும் இப்பதிவைப் பாதுகாக்க வேண்டும்.

இது வெறும் அலுவலகச் சடங்கு என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. நாள் இருந்தால்தான் கற்றது பழையதாகிவிட்டதா என்பது தெரியும். பாடம் இருந்தால்தான் எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்பது தெரியும். பயிற்சி அளித்தவரின் பெயர் இருந்தால்தான் சொன்னதற்குப் பொறுப்பேற்க ஒருவர் இருப்பார். தேர்வு இருந்தால்தான் கேட்டவர் புரிந்துகொண்டாரா என்பது தெரியும்.

நம் நாட்டிலும் இதற்கு வழி செய்யப்பட்டிருக்கிறது. 1984 டிசம்பரில் போபாலில் நிகழ்ந்த நச்சுவாயுப் பேரழிவுக்குப் பின், 1987-இல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டது. தம் உடல்நலம், பாதுகாப்பு பற்றிய தகவலையும் பயிற்சியையும் பெறுவது தொழிலாளரின் உரிமை என அப்போது எழுதப்பட்டது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், அபாயகரமான சரக்கை ஏற்றும் லாரி ஓட்டுநர் மூன்று நாள் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும் என்கின்றன. நாமக்கல்லிலிருந்து புறப்படும் எரிவாயு டேங்கர் லாரிகளை ஓட்டுபவர்களுக்கும் இது பொருந்தும். ஓராண்டு என இருந்த அந்த உரிமத்தின் காலம், 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மூன்றாண்டுகளாக நீட்டப்பட்டது. புதுப்பிக்கும்போது ஒருநாள் பயிற்சி மீண்டும் உண்டு. பயிற்சிகளுக்கு இடையே காலம் நீளும்போது, நடக்கும் பயிற்சியேனும் உண்மையானதாக இருக்க வேண்டாமா?

விதிகள் இருந்தும் நடைமுறை எப்படி இருக்கிறது? பயிற்சி நடக்காமலே வருகைத் தாள் சுற்றுக்கு வரக்கூடும். ஆய்வாளர் வரும் முன் பல மாதங்களுக்கான கையெழுத்துகள் ஒரே நாளில் வாங்கப்படக்கூடும். வேறு மாநிலத்திலிருந்து வந்த தொழிலாளரிடம், அவருக்குப் புரியாத மொழியில் அரை மணி நேரம் பேசிவிட்டு, பயிற்சி பெற்றார் என்று எழுதிவிடலாம். ஒப்பந்தத் தொழிலாளரின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லாமலே போகலாம். இவற்றுள் எதுவும் அன்றைய வேலையைத் தடுப்பதில்லை. அதனாலேயே இவை சிறிய பொய்களாகத் தோன்றுகின்றன. பயிற்சி இல்லை என்று பதிவேடு காட்டினால், யாரேனும் அதைக் கண்டு சரிசெய்ய வாய்ப்புண்டு. பயிற்சி முடிந்தது என்ற பொய்யோ அந்த வாய்ப்பையும் அடைத்துவிடுகிறது.

நம்மிடையே நிறுவனம் நடத்துவோர் இருக்கிறோம், மேற்பார்வையாளர்கள் இருக்கிறோம், அமிலமும் மருந்துக் கலவையும் எரிபொருளும் கையாளும் தொழிலாளர்களும் இருக்கிறோம். நிறுவனம் நடத்துவோர், பயிற்சிக்கு ஆகும் நேரத்தை வேலை இழப்பாகக் கணக்கிடாமல் இருக்கலாம். மேற்பார்வையாளர்கள், தாம் காணாததற்குக் கையெழுத்திட மறுக்கலாம். தொழிலாளர்கள், கையெழுத்திடும் முன் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கலாம். தம் பயிற்சிச் சான்றின் நகலையும் கேட்டு வாங்கலாம். இப்படிக் கேட்பவரைத் தொல்லை கொடுப்பவராகப் பார்க்கும் வழக்கத்தை நாம் விட்டுவிட வேண்டும். அவர் காப்பது தம் உயிரை மட்டுமன்று, தம் அருகில் வேலை செய்பவரின் உயிரையும், வீட்டில் காத்திருப்பவர்களின் வாழ்வையும்தான்.

நாளை வேலைத்தளத்தில் ஒரு பதிவேடு நம் முன் நீட்டப்படும்போது, பேனாவை எடுக்கும் முன் ஒரு நிமிடம் அதை வாசிப்போம்.