முதலுக்கே மோசம்

தேனீ வளர்ப்பு என்றதும் பலரும் கேட்கும் முதல் கேள்வி, "பெட்டிக்கு எத்தனை கிலோ தேன் கிடைக்கும்?" என்பதுதான். பெட்டிக்குள் இருப்பவையும் உயிர்கள், அவற்றுக்கும் நோய் வரும் என்பது பெட்டி காலியான பிறகுதான் உறைக்கிறது...

1991-92ல் தென்னிந்தியாவுக்கே அப்படி உறைத்தது. தாய்லாந்து சாக்புரூட் என்ற வைரஸ் தமிழ்நாடு, கேரளா, கர்நாடகாவில் அடுக்குத் தேனீக்களைச் சூறையாடியது. வளர்ந்த தேனீக்களில் அறிகுறியே தெரியாது. புழுதான் கூட்டுப்புழு ஆவதற்குள் செத்து, நீர் கோர்த்த சின்னப் பை போல ஆகிவிடும். பல இடங்களில் பத்துக்கு ஒன்பது கூட்டங்கள் அழிந்தன. மார்த்தாண்டம் பகுதியில் இதையே நம்பியிருந்த குடும்பங்களின் பிழைப்பில் மண் விழுந்தது.

இதைக் குணப்படுத்தும் மருந்து இன்றும் கிடையாது. அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. சீக்கு வந்த பெட்டியின் அடையை வேறு பெட்டியில் வைக்கக் கூடாது. ராணியைச் சில நாள் தனியே அடைத்து வைத்தால் முட்டை நிற்கும். புதுப் புழு இல்லாததால் வைரஸ் பரவுவது குறையும். அதற்குள் வேலைக்காரத் தேனீக்கள் செத்த புழுக்களை அகற்றிவிடும். நோயைத் தாங்கி நின்ற கூட்டத்திலிருந்தே அடுத்த ராணிகளை உருவாக்க வேண்டும். அழிவுக்குப் பிறகு அடுக்குத் தேனீ மீண்டு வந்ததும் இப்படித் தப்பிப் பிழைத்தவற்றால்தான்!

மெழுகு அந்துப்பூச்சி கதை வேறு. அது நோஞ்சான் கூட்டமாகப் பார்த்து நுழையும். அதன் புழுக்கள் பழைய அடையைத் துளைத்துத் தின்று நூலாம்படை கட்டிவிடும். எல்லா அடைகளையும் மூடி நிற்கும் அளவுக்குத் தேனீக்கள் இருந்தால் இதற்கு அங்கே வேலையே இல்லை. வாரம் ஒருமுறை அடிப்பலகையைச் சுத்தம் செய்து, தேனீ உட்காராத பழைய அடையை எடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

சரி, கூட்டம் ஏன் நோஞ்சானாகிறது? பெரும்பாலும் மனிதனின் பேராசையால்! கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பர் மரம் துளிர்க்கும் ஆண்டின் முதல் சில மாதங்கள்தான் தேன் சீசன். பிறகு மழைக்காலத்தில் தேனீக்களுக்குச் சாப்பாட்டுப் பஞ்சம். தேன் அறையில் சேர்வது வட்டி; புழு அறையில் அவை தமக்காக வைத்திருப்பது முதல். அதையும் வழித்தெடுத்துவிட்டுச் சர்க்கரைப் பாகும் வைக்காமல் விட்டால் என்ன ஆகும்? ராணி முட்டையைக் குறைக்கும், கூட்டம் சுருங்கும், அந்துப்பூச்சி வரும். கடைசியில் பழி அந்துப்பூச்சி மேல்!

"சர்க்கரை விற்கிற விலைக்கு இது கட்டுப்படியாகுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. கூட்டம் போய்விட்டால் புதிதாக வாங்கும் செலவோடு அடுத்த சீசன் தேனும் சேர்ந்து போகும் என்பதையும் அவர்கள் கணக்கில் சேர்க்க வேண்டும்.

எத்தனை பெட்டி கொடுத்தோம் என்பதைத்தான் திட்டங்கள் பெருமையாகச் சொல்கின்றன. ஒரு வருடம் கழித்து அவற்றில் எத்தனை பெட்டிகளில் தேனீ இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதுதான் நியாயமான கணக்கு.