பதினையாயிரம் ஐசி என்ற மாயை

ஒக்டோபர், நவம்பரில் பதுளையில் பின்னேரமானால் இடிதான். பசறை, ஹாலிஎல, நமுனுகுலப் பக்கத் தோட்டங்களில் மின்னல் வெட்டிவிட்டுப் போனால், லயத்து டீவிகள் பெட்ஷீட்டில் சுற்றி பஸ்ஸேறி டவுனுக்கு வரும். ஸ்டான்ட்பை லைட் எரியும், படம் வராது. இல்லாவிட்டால் லோகோவோடு நின்றுவிடும். பவர் சப்ளை நல்லதென்றால் அடுத்தது மெயின் போர்டின் எட்டுக்கால் மெமரி ஐசி. அதைக் கழற்றி, புரோகிராமரில் மாட்டி, சொப்ட்வெயாரைத் திரும்ப ஏற்ற வேண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதம் 360-ஐத் தொட்டது. அன்றைய 1,000 ரூபாய் நாட்சம்பளத்தில் புது டீவிக்கு எங்கே போவது? திருத்தியே ஆக வேண்டியிருந்தது.

எந்தப் புரோகிராமர் வாங்குவது என்ற பேச்சு வந்தாலோ, முதல் கேள்வியே பிழையாக வருகிறது: "எத்தனை ஐசி சப்போர்ட் பண்ணும்?"

அந்த எண்ணிக்கை பொய்யில்லை, பிரயோசனமில்லாதது. ஒரே 24சி02 ஐசியைப் பல கம்பெனிகள் தயாரிக்கின்றன. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு உருவத்துக்கும் பட்டியலில் தனித்தனி வரி. டிஎல்866-2 பிளஸ் என்ற புரோகிராமரின் விளம்பரத்தில் 15,000-க்கும் மேல் என்று இருக்கும். ஆனால் இன்டெல் 1977-இல் கொண்டுவந்த 2716-ஐ அதால் எழுத முடியாது. அந்த ஐசிக்கு எழுதும்போது 25 வோல்ட் வேண்டும்; இந்தக் கருவி 18-இல் நின்றுவிடுகிறது. பழைய ஆர்கேட் போர்டுகளைத் திருத்துகிறவர்கள் வெளிநாடுகளில் முட்டிக்கொள்ளும் சுவர் இதுதான். நம்கோவின் 1980 பேக்-மேன் போர்டில் நிறங்களை வைத்திருக்கும் 82எஸ்123, 82எஸ்126 இரண்டும் உள்ளே பியூஸை எரித்து எழுதப்படும் வகை. பதினையாயிரத்தில் அவற்றுக்கு இடமில்லை.

பதுளைக் கடைக்கு 25 வோல்ட் தேவைப்படுவது அபூர்வம் என்று சொல்லலாம். சரிதான். இங்கே பிரச்சினை எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது.

மலிவுக்காக எல்லோரும் வாங்கும் கறுப்பு நிற சிஎச்341ஏ புரோகிராமரை எடுத்துக்கொள்வோம். அதன் சொக்கட்டில் மீட்டரை வைத்தால் சப்ளை காலில் 3.3 வோல்ட் காட்டும், வாங்கியவருக்குத் திருப்தி. ஆனால் நடுவிலிருக்கும் சிஎச்341ஏ ஐசி ஓடுவது 5 வோல்ட்டில். ஆகவே டேட்டா கால்களில் 5 வோல்ட் வருகிறது. வின்பொண்ட் 25கியூ64 என்ற மெமரி ஐசியின் டேட்டாஷீட்டோ, எந்தக் காலிலும் சப்ளையைவிட 0.4 வோல்ட்டுக்கு மேல் ஏறக்கூடாது என்கிறது. "நூறு ஐசி எழுதியாச்சு, ஒன்றுமே ஆகவில்லையே" என்பதுதான் வழமையான பதில். தாங்குகிற ஐசி தாங்கும். தாங்காதது செத்தால் பழி சந்தை ஐசியின் மேல், அல்லது டவுன்லோட் செய்த பைலின் மேல். புரோகிராமரை யாரும் சந்தேகிப்பதில்லை.

இதற்கு மருந்தும் உண்டு. சிஎச்341ஏ ஐசியின் 28-ஆம் காலை மெல்லத் தூக்கி, 9-ஆம் காலோடு சேர்த்து, 3.3 வோல்ட்டில் இணைத்துவிட்டால் டேட்டா கால்களும் இறங்கிவிடும். சோல்டரிங் அயன் பிடிக்கத் தெரிந்தவருக்குச் சின்ன வேலை. 1.8 வோல்ட் ஐசி என்றால் அதுவும் போதாது, தனி அடாப்டர் வேண்டும்.

ஐசியைக் கழற்றாமல் கிளிப்பால் கவ்விப் படிக்கும் பழக்கத்துக்கு விலை கூடிய கருவியும் உதவாது. கிளிப் வழியே போகும் கரண்ட் போர்டின் பிரதான ஐசியையும் எழுப்பிவிடும். அதுவும் அதே மெமரியைத் தொடும். ஒரே ஐசியை இரண்டு தரம் படித்தால் இரண்டு விதமான பைல் கிடைப்பது அதனால்தான். அந்தப் பைலை நம்பிப் பழையதை அழித்தால், அந்த டீவிக்கே உரிய பெனல் செட்டிங்கும் அதோடு போய்விடும்.

டீவி மட்டுமே திருத்தும் கடைக்கு, அந்த இரண்டு காலையும் மாற்றிய சிஎச்341ஏ-யும் ஒரு 1.8 வோல்ட் அடாப்டரும் போதும். பழைய 27 வரிசை ஐசிகளும் மேசைக்கு வந்தால், 25 வோல்ட் வரை கொடுக்கும் டி48 புரோகிராமருக்குச் செலவழிக்கலாம்.