டோக்கியோ போகிறவர்களே, பக்கத்து அரசுப் பள்ளியில் சேருங்கள்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவைச் சுற்றியிருந்து கணினி வேலைக்காக டோக்கியோ கிளம்பும் இளம் தம்பதிகள், பெட்டி கட்டுவதற்கு முன் என்னிடம் ஒன்றைத் தவறாமல் கேட்கிறார்கள்: "அக்கா, பிள்ளையை அங்கே எந்த இந்தியப் பள்ளியில் சேர்ப்பது?" கணவரோடும் இரண்டு சின்னப் பிள்ளைகளோடும் டோக்கியோவின் எதொகாவா வார்டில் குடியிருந்து திரும்பியவள் நான். என் பதில் எப்போதும் ஒன்றுதான். இந்தியப் பள்ளி வேண்டாம். வீட்டுக்குப் பக்கத்து அரசுப் பள்ளி போதும். கேட்டவர்களின் முகம் மாறிவிடுகிறது. அதனால் காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

எதொகாவா வார்டில் நிஷிகசாய் என்ற பகுதி இருக்கிறது. 2000ஆம் ஆண்டையொட்டிக் கணினிப் பொறியாளர்கள் நம் நாட்டிலிருந்து வந்து குவிந்த இடம். வங்கிகள் நிறைந்த ஓத்தெமாச்சிக்குத் தோசாய் ரயிலில் ஏறினால் கால் மணி நேரம்தான். இந்திய மளிகைக் கடை உண்டு. 2004இல் ஓர் இந்தியப் பள்ளியும் 2006இல் இன்னொன்றும் டோக்கியோவில் வந்தன. ஜப்பானிய மொழியில் நான்கு சொல் தெரியாமலே அங்கே குடும்பம் நடத்தலாம். பிள்ளை ஆங்கிலத்தில் படித்து, இந்தியப் பிள்ளைகளோடு விளையாடி, ஐந்தாறு வருடம் கழித்து ஊர் திரும்பும். இடையில் டோக்கியோ என்ற ஊர் அதன் மேல் ஒட்டியிருக்காது.

போன ஊரோடு ஒட்டாமல் வாழும் இந்தக் கதை புதுச்சேரிக்குப் பழையது. 1862இல் பிரெஞ்சுக்காரர் வியட்நாமின் சைகோனைத் தங்கள் ஆட்சிக்குள் கொண்டுவந்த பிறகு, நம்மவர்கள் தபால், சுங்கம், காவல், கருவூலம் என்று அங்கே வேலைக்குப் போனார்கள். 1881ஆம் ஆண்டு ஆணையின்படி பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றுக் குடும்பப் பெயர் வைத்துக்கொண்டவர்கள் அவர்களில் பலர். என் ஆயா சைகோனில் பிறந்தவர். அவருடைய அண்ணன்மார் படித்தது சாஸ்லூ-லோபா என்ற பிரெஞ்சுப் பள்ளியில். வீட்டில் தமிழ், பள்ளியில் பிரெஞ்சு. தெருவில் மீன் விற்றவள் பேசியது ஆயாவுக்குப் பாதிதான் புரியும். அதைப் பெரியவர்கள் யாரும் ஒரு குறையாக நினைக்கவில்லை. 1954இல் பிரெஞ்சு ஆட்சி அங்கே முடிந்தது. அதே ஆண்டு நவம்பர் 1 அன்று புதுச்சேரியும் இந்தியாவின் கைக்கு மாறியது. 1975இல் சைகோன் வீழ்ந்தபோது, அதுவரை அங்கே தங்கிவிட்டவர்களில் பலர் பிரான்சுக்கும் சிலர் புதுச்சேரிக்கும் வந்து சேர்ந்தார்கள். விருந்து நாளில் வியட்நாமிய நேம் சுருட்டிப் பொரிக்கும் வீடுகள் நம் ஊரில் இன்றும் உண்டு. வியட்நாமியப் பெண்ணை மணந்த வீடுகளில் மட்டும் மொழியும் கூட வந்தது. வியட்நாமிய மொழி படித்திருந்தால் எல்லோரும் அங்கேயே வாழ்ந்திருப்பார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. போரும் ஆட்சி மாற்றமும் யாரையும் கேட்டு வருவதில்லை. ஆனால் பிறந்த ஊரிலேயே ஒரு குழந்தை விருந்தாளியாக வளர்வது பெரிய இழப்பு. சாகும்வரை ஆயா சொல்லி வருந்தியது அதைத்தான்.

என் மகளை அரசுப் பள்ளியில் முதல் வகுப்பில் சேர்த்தோம். கோடை விடுமுறை வரை வகுப்பில் அவள் வாயே திறக்கவில்லை. இரவில் என் வயிறு கலங்கும். வாரத்தில் சில மணி நேரம் ஒரு பெண்மணி வந்து அவளுக்குத் தனியாக மொழி சொல்லிக்கொடுத்தார். இலையுதிர் காலத்தில் ஒரு நாள் பக்கத்து வீட்டுச் சிறுமியோடு வாசலில் நின்று சண்டை போட்டாள், சுத்தமான ஜப்பானிய மொழியில். அன்றோடு எனக்குப் பயம் விட்டது.

அங்கே பிள்ளைகள் பெற்றோர் துணையில்லாமல் நடந்தே பள்ளிக்குப் போகிறார்கள். வாசலில் செருப்பை மாற்றிக்கொள்கிறார்கள். வகுப்பறையைத் தாங்களே கூட்டித் துடைக்கிறார்கள். வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு ஒருவருக்கொருவர் சோறு பரிமாறுகிறார்கள். மாத உணவுப் பட்டியல் முன்கூட்டியே வீட்டுக்கு வந்துவிடும். பன்றிக்கறி வரும் நாளில் மட்டும் நான் டப்பா கட்டிக்கொடுத்தேன். கல்விக் கட்டணம் கிடையாது. இந்தியப் பள்ளிக்கோ ஆண்டுக்குப் பல லட்சம் ரூபாய் ஆகும்.

தாய்க்கும் இதில் லாபம் உண்டு. துணைவர் விசாவில் போகிறவர், அனுமதி வாங்கினாலும் வாரத்துக்கு 28 மணி நேரம்தான் வேலை செய்யலாம். மிச்ச நேரம் நான்கு சுவர்தான். பள்ளியிலிருந்து வரும் தாள்களைப் படிக்க வேண்டியிருந்ததால் தன்னார்வலர் வகுப்பில் நானும் மொழி கற்றேன். எனக்குத் தோழிகள் கிடைத்தது பள்ளி வாசலில்தான்.

"திரும்பி வந்தால் சிபிஎஸ்இ பாடம் என்னாவது?" என்பார்கள். நியாயமான பயம். ஆனால் திரும்பும் தேதி யார் கையிலும் இல்லை. இரண்டு வருடம் என்று போனவர்கள் பத்து வருடம் இருக்கிறார்கள். கணக்கு எங்கும் கணக்குத்தான். தமிழையும் ஆங்கிலத்தையும் வீட்டில் தினமும் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும். அது கஷ்டம்தான், ஆனால் முடியும்.

வயது மட்டும் முக்கியம். ஜப்பானியப் பிள்ளை முதல் வகுப்பில் படிக்கும் சீன எழுத்துகள் 80. ஆறு வகுப்பும் முடிக்கும்போது 1,026. ஆறு வயதில் சேருகிற நம் பிள்ளையும் மற்றவர்களோடு முதல் எழுத்திலிருந்தே தொடங்கும். பத்து வயதில் சேருகிற பிள்ளைக்கு அது மலை. அந்த வயதுப் பிள்ளையை இந்தியப் பள்ளியில் சேர்த்தால் நான் குறை சொல்லமாட்டேன்.

இன்னொன்று. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு அங்கே கட்டாயக் கல்விச் சட்டம் பொருந்தாது. 2019இல் ஜப்பான் அரசு கணக்கெடுத்தபோது, ஏறத்தாழ 20,000 வெளிநாட்டுப் பிள்ளைகள் எந்தப் பள்ளியிலும் இல்லாமல் இருக்கக்கூடும் என்று தெரிந்தது. ஆகவே கேட்க வேண்டியது பெற்றோர்தான். பள்ளி ஏப்ரலில் திறக்கிறது. வீடு அமைந்த 14 நாளுக்குள் வார்டு அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அன்றே கல்விப் பிரிவுக்கும் போய்ப் பிள்ளையின் பெயரைக் கொடுத்துவிடுங்கள்.