ஆம்புக்கு ஸ்பீக்கரா, ஸ்பீக்கருக்கு ஆம்பா?

"வால்வு ஆம்ப் வாங்கிட்டேன், இதுக்கு என்ன ஸ்பீக்கர் போடலாம்?" இந்தக் கேள்வி அடிக்கடி காதுல விழுது. என்னைக் கேட்டா, கேள்வியே தலைகீழ். முதல்ல ஸ்பீக்கர், அப்புறம்தான் ஆம்ப். ஏன்னு சொல்றேன். கொஞ்சம் கணக்கு வரும், ஓடிடாதீங்க :-)

ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் சென்சிட்டிவிட்டின்னு ஒரு எண் உண்டு. 1 வாட் கொடுத்தா 1 மீட்டர் தள்ளி எத்தனை டெசிபல் சத்தம் வரும்ங்கறதுதான் அது. 86க்கும் 96க்கும் வெறும் 10தானே வித்தியாசம்னு தோணும். ஆனா டெசிபல் கணக்குல 10 கூடணும்னா வாட் 10 மடங்கு ஆகணும். தவில்ல திடீர்னு விழற ஒரு அடிக்கு 105 டெசிபல் வரைக்கும் இடம் வேணும்னு வெச்சுக்குவோம். 96 ஸ்பீக்கருக்கு 8 வாட் போதும். 86 ஸ்பீக்கருக்கு 80 வாட்!

இப்ப வால்வு பக்கம் வாங்க. எல்லாரும் உருகுற 300பி, வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் 1930கள்ல கொண்டு வந்தது. சிங்கிள் எண்டட் முறைல ஒரு வால்வு தர்றது சுமார் 8 வாட்தான். 2ஏ3 வால்வுன்னா மூன்றரை வாட். அந்தக் காலத்து ஸ்பீக்கர்களுக்கு அது தாராளமா போதும், ஏன்னா பெரும்பாலும் ஹார்ன். நம்ம ஊர் கல்யாண வீட்டுக் குழாய் ஸ்பீக்கர் கொஞ்சம் வாட்டுலயே ஊரைக் கூட்டுதே, அதே தத்துவம்தான்.

அப்புறம் ஏன் ஸ்பீக்கரெல்லாம் சோம்பேறி ஆச்சு? 1954ல எட்கர் வில்ச்சரும் ஹென்றி குளாஸும் ஏஆர்-1 கொண்டு வந்தாங்க. சின்னப் பெட்டில ஆழமான பாஸ். அதுக்கு விலை, எஃபிஷியன்சி. சின்னப் பெட்டி, ஆழமான பாஸ், அதிக எஃபிஷியன்சி, இந்த மூணுல ரெண்டுதான் கிடைக்கும். ஹாஃப்மேன் விதின்னு இதுக்குப் பேரு. பின்னாடி டிரான்சிஸ்டர் வந்து வாட்டை மலிவாக்கிடுச்சு, யாரும் கவலைப்படல.

நண்பர் ஒருத்தர் பல மாச சம்பளத்தைப் போட்டு வாங்கின 300பி ஆம்பை விக்கப் போறேன்னு நிக்கறார். "வால்வு சவுண்டு கொழகொழன்னு இருக்குய்யா"ங்கறது புகார். மாட்டியிருக்கறது 85 டெசிபல் ஸ்பீக்கர்! டிரான்சிஸ்டர் ஆம்ப் சக்தி தீர்ந்தா கரகரன்னு காட்டிக் கொடுத்துடும். இந்த மாதிரி வால்வு ஆம்ப் அப்படி இல்ல, அலையோட முனையை மெதுவா மழுக்கும். கேக்கறவர் அதை "வார்ம் சவுண்டு"ன்னு நினைச்சுக்கறார். சாமி, அது இனிமை இல்ல, மூச்சுத் திணறல்.

சரி, டெசிபல் அதிகமா இருந்தா போதுமா? போதாது. இங்கதான் பலர் கோட்டை விடறாங்க. ஃபீட்பேக் இல்லாத ஆம்போட அவுட்புட் இம்பிடன்ஸ் 2, 3 ஓம் வரைக்கும் இருக்கும். ஸ்பீக்கர்ல 8 ஓம்னு எழுதியிருந்தாலும் ஒரு இடத்துல 4க்கு இறங்கும், இன்னொரு இடத்துல 30க்கு ஏறும். அவுட்புட் இம்பிடன்ஸ் 2.5 ஓம்னு வெச்சு கணக்கு போட்டா, இந்த ரெண்டு இடத்துக்கும் நடுவுல சுமார் 3.5 டெசிபல் வித்தியாசம். அதாவது யாரும் கேட்காமலே ஒரு டோன் கன்ட்ரோல்! அதனால இம்பிடன்ஸ் ரொம்ப ஏறி இறங்காத ஸ்பீக்கரா பாருங்க.

இன்னொரு தில்லாலங்கடியும் உண்டு. சில விளம்பரத்துல 1 வாட்டுக்குப் பதிலா 2.83 வோல்ட்டுன்னு போடுவாங்க. 8 ஓம் ஸ்பீக்கர்ல அது 1 வாட்தான், ஆனா 4 ஓம்ல 2 வாட். "90 டெசிபல்"னு போட்டிருந்தா, 1 வாட்டுக்கு நிஜத்துல 87.

அதுக்காக எல்லாரும் ஹார்ன் வாங்குங்கன்னு சொல்ல வரல. பால் கிளிப்ஷ் 1946ல கொண்டு வந்த கிளிப்ஷ்ஹார்ன் 100 டெசிபலைத் தாண்டும். ஆனா ஹால்ல ரெண்டு மூலையைக் கேட்கும். வாடகை வீட்டுல மத்தவங்க எங்க உட்கார்றது? எஃபிஷியன்சி ஏற ஏற ஆம்போட சின்ன 'ம்ம்ம்' ஹம் கூட துல்லியமா கேக்கும்ங்கறதும் உண்மை.

எதிர் உதாரணமும் சொல்லிடறேன். பிபிசி வடிவமைச்ச எல்எஸ்3/5ஏ சுமார் 83 டெசிபல்தான், ஆனா பழைய மாடல் 15 ஓம். சின்ன ரூம்ல பக்கத்துல உட்கார்ந்து அளவான சத்தத்துல கேக்கறவங்களுக்கு 15, 20 வாட் புஷ்-புல் வால்வு ஆம்போட நல்லாவே ஒத்துப் போகும்.

ஆக என் கட்சி இதுதான். ஹால் எவ்வளவு பெருசு, எவ்வளவு சத்தமா கேப்பீங்க, இதை வெச்சு ஸ்பீக்கர். சாதாரண ஃபிளாட்டுன்னா 90க்கு மேல, 8 ஓம், கூட ஒரு ஈஎல்34 புஷ்-புல். இடமும் பொறுமையும் இருந்து 96ஐத் தாண்டின ஸ்பீக்கர் அமைஞ்சா மட்டும் 300பி. நண்பர்கிட்டயும் இதையேதான் சொல்லியிருக்கேன்: ஆம்பை விக்காதீங்க, ஸ்பீக்கரை மாத்துங்க. கேக்கறாரா பார்ப்போம்.