கிரானைத் தேடினால் கிரான் இல்லை

போன மாரியில் எங்கட வட்சப் குறூப்புக்கு ஒரு பிடிஎப் வந்தது. வெள்ள நிவாரணப் பட்டியல், நாற்பது பக்கம். கிரானில் மாரி என்றால் என்னவென்று ஊராருக்குச் சொல்லத் தேவையில்லை. புலிபாய்ந்தகல் வீதி தண்ணிக்குள்ள போனால் அங்கால இருக்கிற சனத்துக்குத் தோணிதான் கதி. அங்கால இருக்கிற ஒரு அம்மம்மா போன் எடுத்து, "என்ட பேர் அதுக்குள்ள கிடக்கா எண்டு ஒருக்காப் பாரு மனே" என்று கேட்டா.

நாங்கள் கொம்பியூட்டர் தெரிந்த ஆக்களாச்சே! முதல்ல எங்கட ஊர் எந்தப் பக்கத்தில தொடங்குது என்று பார்க்க, தேடல் பெட்டியில் 'கிரான்' என்று அடித்தோம். முடிவுகள் இல்லை. கண்ணுக்கு முன்னால் கொட்டை எழுத்தில் கிரான் என்று கிடக்கு. கொம்பியூட்டர் இல்லவே இல்லை என்குது. மறுகா என்ன செய்யிற? நாற்பது பக்கத்தையும் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தோம். பேர் முப்பத்தோராம் பக்கத்தில் இருந்தது.

இதைச் செய்தது வைரஸ் இல்லை. பாமினி.

பாமினி எழுத்துருவில் 'கிரான்' என்று அடிக்கும்போது கொம்பியூட்டருக்குள் போவது தமிழே இல்லை. எப், பி, யூ, எச், டி, கடைசியில் ஒரு அரைப்புள்ளி: அதுதான் உள்ளே பதியுது. 'தமிழ்' என்றால் ஜே, கே, பி, ஓ, அதோட ஒரு அரைப்புள்ளி. அந்த ஆங்கில எழுத்துகளுக்கு மேல் தமிழ்ப் படத்தை ஒட்டிக் காட்டுவதுதான் பாமினியின் முழு வித்தை. எழுத்துரு இல்லாத போனில் அந்த வேர்ட் கோப்பைத் திறந்தால் வேசம் கலைந்துவிடும். பிடிஎப் ஆக்கினால் வேசம் கலையாது, ஆனால் உள்ளே கிடப்பது அதே குப்பைதான்.

யூனிகோட் அப்படியில்லை. அதில் 'க' என்றால் உலகத்தில் எந்தக் கருவியிலும் 'க' தான். தமிழுக்கு அதில் 1991இலேயே இடம் கொடுத்தாகிவிட்டது. விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு தமிழைக் காட்டத் தொடங்கியபோது எங்களில் சிலர் பிறக்கவே இல்லை. இலங்கைத் தரநிர்ணய நிறுவனம் எஸ்.எல்.எஸ். 1326 என்ற தமிழ் நியமத்தை வெளியிட்டது 2008இல். தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்று ஆணை போட்டது 2010இல். இவ்வளவும் நடந்த பிறகும் இங்க கடிதம், அறிவித்தல், வினாத்தாள், மலர், கல்வெட்டு எல்லாம் பாமினியில்தான் பிறக்குது.

"சின்ன விசயத்துக்கு ஏன் தம்பிமார் குதிக்கிறீங்கள்?" என்று கேட்பீர்கள். சின்ன விசயமா? எங்கட பெச்சில் கண் தெரியாத நண்பர் ஒருவர் இருக்கிறார். என்விடிஏ என்ற இலவச மென்பொருள் அவருக்குத் திரையை வாசித்துக் காட்டும், தமிழும் வாசிக்கும். ஆனால் தட்டச்சுக் கடையில் பாமினியில் அடித்த குறிப்பைக் கொடுத்தால், வாய்க்குள் அடங்காத ஒரு இங்கிலீஷ் சத்தம்தான் வருது. பரீட்சைக்கு முதல்நாள் நாங்கள் மாறி மாறி இருந்து அவருக்கு வாசித்துக் காட்டினோம். அது எங்கட நல்ல மனசு என்று பாராட்ட வேண்டாம். அவர் தானாக வாசித்திருக்க வேண்டியதை ஒரு எழுத்துரு பறித்தது.

இன்னொன்று. நூலகம் எண்ணிம நூலகம் 2005இலிருந்து எங்கட பழைய புத்தகங்களையும் பத்திரிகைகளையும் ஸ்கேன் பண்ணிச் சேர்க்குது. ஈய எழுத்தில் அச்சான புத்தகத்தைத் தேடக்கூடியதாக்க, படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்க வேண்டும். சரி, அந்தக் காலத்தில் கொம்பியூட்டர் இல்லை. ஆனால் நேற்று கொம்பியூட்டரில் அடித்த ஊர் மலருக்கும் அதே வைத்தியம் தேவைப்பட்டால், அதை அடிச்சு என்ன பிரயோசனம்?

மறுபக்கத்து நியாயத்தையும் கேட்டோம். கொமினிகேசனில் டைப் பண்ணுற அக்கா சொன்னது: "இருவது வருசமா இந்தக் கைப்பழக்கத்திலதான் சோறு தின்னுறன். இப்ப வந்து மாத்தச் சொன்னா?" அவவோட எங்களுக்குச் சண்டை இல்லை. அவவின் வேகம் எங்களுக்கு ஏழு பிறப்புக்கும் வராது. ஆனால் அவ விரலை மாற்றவே தேவையில்லை என்பதை அவவுக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. என்.எச்.எம். ரைட்டர் போன்ற இலவச மென்பொருளில் பாமினி விசைமுறையைத் தெரிவுசெய்தால், அதே விரல் அதே விசையைத் தட்டும், விழுவது யூனிகோட். அரை மணித்தியாலம் பக்கத்தில் இருந்து போட்டுக் கொடுத்தோம். பின்னேரம் போனால் ஒரு விண்ணப்பத்தை அதில்தான் அடித்துக்கொண்டிருந்தா.

"யூனிகோட் எழுத்து வடிவில்லை" என்பது அடுத்த சாட்டு. நோட்டோ, மீரா இனிமை, பாலு தம்பி, கட்டமரன் எல்லாம் காசில்லாமல் கிடைக்குது. "பழைய கோப்பெல்லாம் என்ன செய்யிற?" என்பது மற்றது. புலம்பெயர்ந்த ஈழத்தமிழர் சுரதா யாழ்வாணன் செய்தது போன்ற எழுத்து மாற்றிகள் எப்பவோ வந்துவிட்டன. ஒட்டு, மாற்று, எடு. அவ்வளவுதான்.

ஆகவே இது தொழில்நுட்பச் சிக்கல் இல்லை, அலட்சியம். 1956இல் ஒரு சட்டம் தமிழை அலுவலகத்துக்கு வெளியே நிறுத்தியது. 1987இல் 13ஆம் திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்றது. அந்த இரண்டுக்கும் இடையில் இந்தச் சனம் கொடுத்த விலை கொஞ்சநஞ்சமில்லை. அப்படிக் கிடைத்த மொழியை நாங்களே எங்கட கையால் எப், பி, யூ என்று அடித்து அனுப்புகிறோம். மேடையில் மொழிப்பற்று, மேசையில் பாமினி!

எங்கட முடிவு இது. பாமினியில் வரும் எந்த ஆக்கத்தையும் இனி நாங்கள் எடுக்க மாட்டோம். மாற்றத் தெரியாவிட்டால் சொல்லுங்கள், மாற்றித் தருவோம். கிரான் தொடக்கம் செங்கலடி வரைக்கும் எந்தத் தட்டச்சுக் கடை கூப்பிட்டாலும் வந்து போட்டுத் தருவோம், காசு வேண்டாம், ஒரு பிளேன்ரீ போதும். அலுவலகத்தில் இருக்கிற அண்ணாமார், அக்காமாரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறோம். அடுத்த பட்டியலை அனுப்ப முதல் அதில் உங்கட ஊர்ப் பேரை அடித்துத் தேடிப் பாருங்கள். வரவில்லையென்றால் அனுப்பாதீர்கள்.

மாரி திரும்ப வரும். அம்மம்மாவும் திரும்பக் கேட்பா.