ஊதியம் மறுத்த படை

அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை நிகழ்ந்த உள்நாட்டுப் போரில் பெரும்புகழ் எய்தியது மாசசூசெட்ஸ் மாநிலத்தின் 54ஆம் தன்னார்வக் காலாட்படை. கறுப்பின மக்கள் தாமே விரும்பிச் சேர்ந்த படை அது. 1863 சூலை 18ஆம் நாள் மாலை, சார்லஸ்டன் துறைமுகத்தை அடுத்த வாக்னர் கோட்டைமீது அப்படை பாய்ந்தது. வெள்ளையரான படைத்தலைவர் இராபர்ட் ஷா மதில்மேல் வீழ்ந்தார். கொடி பிடித்தவர் சாயவே, வில்லியம் கார்னி அதனை ஏந்திப் பல காயமுற்றும் மீட்டு வந்தார்.

பலரும் போற்றுவது அவ்வொரு மாலையையே. அதனினும் அரிய வீரம் ஒன்றுண்டு. ஆரவாரமின்றி நிகழ்ந்தமையாற் போலும், அதனைப் பேசுவார் சிலரே.

வெள்ளை வீரர்க்குத் திங்கள்தோறும் 13 டாலர்; அதுவே இவர்க்கும் என்று கூறியே ஆள் சேர்த்தனர். கொடுக்க வந்ததோ 10 டாலர். அதிலும் உடைக்கென 3 டாலர் பிடித்தம். வீரர் அதனைத் தொடவும் மறுத்தனர். குறையும் தொகையைத் தானே ஈடுசெய்வதாக மாநில அரசு முன்வந்தபோதும் ஏற்றிலர், சமமதிப்பையே வேண்டினர். ஊரில் மனைவி மக்கள் வறுமையில் வாடினர். குண்டுக்கு அஞ்சாமை ஒரு நாழிகைத் துணிவு. பசித்த குழந்தையின் முகத்தை நினைந்துகொண்டே ஓராண்டுக்கு மேலும் கைநீட்டாதிருத்தல் எளிதோ?

1864 சூனில் சமவூதியச் சட்டம் பிறந்தது. ஆயினும், போர்த் தொடக்கத்தில் அடிமையாய் இராதவர்க்கே முழு நிலுவையும் உரியது என்றது அச்சட்டம். அப்போதைய படைத்தலைவர் எட்வர்ட் ஹாலோவெல் ஓர் உறுதிமொழி வகுத்தார். 1861 ஏப்பிரல் 19ஆம் நாள்வரை எவர்க்கும் கூலியின்றி உழைக்கக் கடமைப்பட்டிருக்கவில்லை என்பது அதன் பொருள். முன்னர் அடிமையாய் இருந்தவரும் அதனைக் கூறினர். அதில் ஒரு சொல்லும் பொய்யன்று.