மரக்காணத்து வெயிலுக்கு ஒரு ப்ரீசெட்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகிறவர்கள் மரக்காணத்தை நெருங்கும்போது, 3,000 ஏக்கருக்கும் மேல் விரிந்த உப்பளங்களைப் பார்க்கிறார்கள். தொலைவிலிருந்து கேமராவை இயக்கி நேரலை தயாரிக்கும் நமக்கு அதைவிடக் கடினமான களம் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. பளீரென்ற உப்புக் குவியலும் வெயிலில் கறுத்த முகமும் ஒரே ஃபிரேமில் இருக்கும். ஐரிஸைத் திருத்துகிறவர் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் சென்னையில் ஏசி அறையில் உட்கார்ந்திருப்பார். அவர் சேமித்து வைக்கும் எண்கள்தான் அந்த முகம் தெரியுமா தெரியாதா என்பதைத் தீர்மானிக்கின்றன. அந்த எண்களை நாம் போதிய அக்கறையோடு சேமிப்பதில்லை என்பதே இந்த இதழில் நான் சொல்ல வந்தது.

எதைக் காட்டினாலும் அதை நடுச்சாம்பலாக்கிவிடுவது ஆட்டோ எக்ஸ்போஷரின் கணக்கு. ஃபிரேமில் முக்கால்வாசி உப்பு என்றால் உப்பு அழுக்கடைந்து தெரியும்; வரப்பில் நின்று பேசும் பெண்ணின் முகம் கரிய வடிவமாக மட்டும் மிஞ்சும். கறுத்த முகங்களைக் கணக்கில் எடுக்காத கோளாறு பழைய ஃபிலிம் காலத்திலேயே தொடங்கியது. 1950களிலிருந்து கோடக் நிறுவனத்தின் பிரிண்ட் லேப்களுக்குப் போன ‘ஷர்லி கார்டு’களில் இருந்தவர்கள் வெள்ளைத் தோல் கொண்ட பெண்கள். பல பத்தாண்டுகள் உலகத்தின் முகங்கள் எல்லாம் அவர்களை வைத்தே சரிபார்க்கப்பட்டன. இன்றும் பலர் ஸீப்ராவை யோசிக்காமல் 70 சதவீதத்தில் வைப்பது அந்த வழக்கத்தின் எச்சம்தான். உப்பளத் தொழிலாளியின் முகத்தை 70க்கு ஏற்றினால் அது அவர் முகமாக இருக்காது. 40க்கும் 50க்கும் இடையில் வையுங்கள். உப்பு 95ஐத் தொடட்டும், குவியலின் உச்சி கொஞ்சம் வெளுத்தாலும் பரவாயில்லை. உப்பின் விவரம் போனால் படம் கொஞ்சம் குறையும். முகத்தின் விவரம் போனால் பேசுகிற ஆளே போய்விடுவார்.

இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. உப்பே பெரிய ரிஃப்ளெக்டர். குவியலுக்குப் பக்கத்தில் நிற்பவரின் தலைத்துண்டு நிழலுக்குள்ளும் கீழிருந்து வெளிச்சம் ஏறும். அவரே நாலடி நடந்து சேற்று வரப்புக்கு வந்துவிட்டால் அந்த வெளிச்சம் இல்லை. முகம் சட்டென்று இறங்கிவிடும். ஆகவே ஒரே கேமராவுக்கு ஒரே வேளையில் இரண்டு ப்ரீசெட் வேண்டும், ஒன்று பாத்திக்கு, ஒன்று வரப்புக்கு. நேரலை நடக்கும்போது ஐரிஸைத் துரத்தாதீர்கள். பல சிம் கார்டுகளைச் சேர்த்து அனுப்பும் பேக்பேக்கில் படம் ஓரிரு வினாடி தாமதமாகத்தான் வருகிறது. நீங்கள் திருத்தியது கண்ணுக்குத் தெரிவதற்குள் இன்னொரு முறை திருத்திவிடுவீர்கள், படம் ஊசலாடும்.

சிறிய பிடிஇசட் கேமராக்கள் பலவற்றில் என்டி ஃபில்டர் இல்லை. நண்பகலில் ஐரிஸை முடிந்தவரை மூடியும் போதாமல் ஷட்டர் 1/1000க்குப் போய்விடும். உப்பு வாரும் பலகையின் நீண்ட இழுப்பு துண்டு துண்டாகத் தெரிவது இதனால்தான். 25 ஃபிரேமுக்கு 1/50 ஷட்டரைப் பூட்டிவிட்டு லென்ஸின் முன் ஃபில்டர் மாட்டச் சொல்லுங்கள். மாட்டியது எத்தனை ஸ்டாப் என்பதை ப்ரீசெட்டின் பெயரிலேயே எழுதுங்கள்.

சேமித்தது எங்கே போய் உட்கார்கிறது என்பது அடுத்த கேள்வி. குழப்பம் பெரும்பாலும் இங்கேதான். ஓபிஎஸ்ஸில் கலர் கரெக்‌ஷன் ஃபில்டரை மாற்றினால் அது சீன் கலெக்‌ஷன் கோப்பில் பதிவாகிறது. அதே ஓபிஎஸ் வழியாக யுஎஸ்பி கேமராவின் எக்ஸ்போஷரை மாற்றினாலோ, அது டிரைவரிலும் கேமராவிலும்தான் நிற்கிறது. கேபிளைக் கழற்றி மாட்டினால் பழையபடி ஆட்டோவுக்குத் திரும்பிவிடலாம். உப்புக்காற்று பிளக்குகளை அரிக்கும் ஊரில் கேபிள் கழன்று மாட்டுவது நாளுக்கு ஒருமுறையாவது நடக்கும். விமிக்ஸில் கலர் அட்ஜஸ்ட் மாற்றங்கள் ப்ரீசெட் கோப்போடு வரும், ஆனால் அது கேமராவுக்குள் எதையும் மாற்றுவதில்லை. ஏடெம் மென்பொருளில் தனியாகக் கோப்பாகச் சேமிக்காவிட்டாலோ, தொடக்க நிலையாகப் பதியாவிட்டாலோ, மின்சாரம் போனதும் உழைப்பு போகும். பானசோனிக் பிடிஇசட் கேமராக்களில் ‘ப்ரீசெட் ஸ்கோப்’ என்று ஒன்று உண்டு: ஏ முறையில் ஐரிஸ், கெயின், ஒயிட் பேலன்ஸ் எல்லாம் நினைவில் இருக்கும்; சி முறையில் கேமரா திரும்பிய கோணம், ஜூம், ஃபோகஸ் மட்டும். ‘ப்ரீசெட் 4ஐக் கூப்பிட்டேன், படம் இருட்டாக வந்தது’ என்று புலம்புகிறவர் முதலில் அந்த மெனுவைத் திறந்து பார்க்க வேண்டும்.

முகம் கேமராவிலேயே சரியாக வரட்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சென்னைக்கு வந்து சேர்வது பெரும்பாலும் அழுத்திச் சுருக்கிய எட்டு பிட் படம். வெளுத்துப் போன உப்பை ஸ்டுடியோ மென்பொருளால் மீட்க முடியாது. இருண்ட முகத்தைத் தூக்கினால் கட்டம் கட்டமாக உடையும்.

ஒயிட் பேலன்ஸுக்கு உப்புக் குவியலைக் காட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். வெயில் பக்கம் சென்சாரையே நிரப்பிவிடும், நிழல் பக்கம் வானத்தின் நீலத்தை வாங்கி நிற்கும். நிழல் பக்கத்தை வெள்ளை என்று ஏற்றுக்கொண்ட கேமரா எல்லா முகத்திலும் மஞ்சள் பூசும். கையளவு சாம்பல் அட்டை ஒன்றை அங்கிருக்கும் கேமரா உதவியாளரிடம் கொடுத்துவிட்டால் தீர்ந்தது.

இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது லென்ஸின் மேல் படியும் உப்புப் படலம். காலையில் கழுவினாற்போல் இருந்த படம் மதியத்துக்குள் மெல்லிய பால் நிறமாகும், கறுப்பு சாம்பலாக ஏறும். தொலைவில் இருப்பவருக்குக் காரணம் தெரியாது. பிளாக் லெவலை இறக்கி, கான்ட்ராஸ்ட்டை ஏற்றி, ‘மதியம்’ என்று பெயரிட்டுச் சேமித்துவிடுவார். மாலையில் யாரோ லென்ஸைத் துடைத்ததும் அதே ப்ரீசெட் தலைமுடி, கண், சேற்று வரப்பு எல்லாவற்றையும் ஒரே மையிருளில் தள்ளிவிடும். அழுக்குக்காகச் செய்த திருத்தத்தை ஒருபோதும் சேமிக்கக் கூடாது. பிளாக் லெவலைத் தொடும் முன் ‘லென்ஸைத் துடைத்தாயிற்றா?’ என்று களத்தில் இருப்பவரைக் கேளுங்கள்.

பருவமும் கணக்கில் வர வேண்டும். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மரக்காணத்து உப்பளங்கள் நீரில் மூழ்கின. வெள்ளைக் குவியல்கள் இல்லை, நிழல் இல்லை, சாம்பல் வானமும் சாம்பல் நீரும்தான். கோடையில் சேமித்த கோப்பை அந்த நாளில் ஏற்றினால் இழப்பைச் சொல்ல வந்தவரின் முகமே இருளில் போகும். மரக்காணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கழுவேலி சதுப்புநிலம் 2021இல் பறவைகள் சரணாலயமாகி, 2024இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்திருக்கிறது. இனி அங்கே நிலைக் கேமராக்களும் நேரலைகளும் கூடும். பூநாரைகளுக்கான எக்ஸ்போஷர் வேறு, வலை வீசுகிறவருக்கான எக்ஸ்போஷர் வேறு.

ப்ரீசெட்டுக்கு ‘அவுட்டோர் 1’ என்று பெயர் வைப்பதை நம் குழுக்கள் நிறுத்த வேண்டும். இடம், மாதம், மணி, வானம், ஃபில்டர், யாருடைய முகத்தை வைத்து அளந்தது: இவ்வளவும் பெயரிலோ கூடவே இருக்கும் குறிப்பிலோ இருக்கட்டும். நேரலைக்கு முன் பேசப் போகிறவரையே இரண்டு நிமிடம் நிறுத்தி, அவரிடம் விவரம் சொல்லி அளவெடுங்கள். உயரத்துக்காக நிற்கவைத்த கார் டிரைவரின் முகம் போதாது. மென்பொருள் செய்கிறவர்களிடம் ஒரு கோரிக்கை: ப்ரீசெட்டைக் கூப்பிடும்போதே அதில் எதெல்லாம் சேமிக்கப்பட்டிருக்கிறது, எது இல்லை, எந்த நாளில் பதிந்தது என்பதைத் திரையில் காட்டுங்கள்.